வலிப்பு மாத்திரையும் கொழுப்புக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஃபெனிட்டாயின், கார்பமசெபைன், ஃபீனோபார்பிட்டோன் போன்ற பழைய வலிப்பு மாத்திரைகள், மருந்துகளையும் சத்துகளையும் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடுபவை. வைட்டமின் டி சீக்கிரம் சிதைந்து, நாளடைவில் எலும்பு மெலியும். டர்பனில் வெயிலுக்கா பஞ்சம் என்பார்கள். தோல் உண்டாக்குவதைக் கல்லீரல் தின்றுவிடுகிறதே! இம்மாத்திரைகளால் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் குறையலாம்; அது குறைந்தால், இதய நோயோடு தொடர்புள்ள ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் ஏறும். கெட்ட கொழுப்பும் கூடலாம். அதற்குச் சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை கொடுத்தாலோ, அதே நொதிகள் அந்த மாத்திரையையும் சிதைத்துவிடும். சர்க்கரையும் மாரடைப்பும் மலிந்த நம் குடும்பங்களில், வலிப்பு வரவில்லை என்றதும் பழைய சீட்டையே திரும்ப எழுதித் தருவது போதாது. வைட்டமின் டி, ஃபோலேட், கொழுப்பு மூன்றையும் ஆண்டுக்கொருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஃபோலேட் குறைவுக்கென ஃபோலிக் அமில மாத்திரையைத் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். இரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு இறங்கி வலிப்பு திரும்பலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்து.

மருந்தாளுநர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்