பழைய கப்பல் பதிவேடுகளை வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய லாக் புத்தகங்களைப் பாதுகாத்துவரும் அருங்காட்சியகத்தாருக்கும் ஆவணக் காப்பகத்தாருக்கும் வணக்கம்.

கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மாலுமிகள் பென்சிலில் கணக்குப் போட்ட பக்கங்களை ஓரமாகத் தள்ளிவிடாதீர்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

2022 மார்ச் 5 அன்று, அன்டார்க்டிகாவின் வெடல் கடலில் 3,008 மீட்டர் ஆழத்தில், பனியில் சிக்கி மூழ்கிய என்டூரன்ஸ் கப்பல் கிடைத்தது. அது துருவப் பயணி ஷாக்கிள்டனின் கப்பல். 1915 நவம்பர் 21 அன்று அது மூழ்கிய இடம் என்று கேப்டன் ஃபிராங்க் வோர்ஸ்லி எழுதிவைத்தது தெற்கு 68 பாகை 39.5 கலை, மேற்கு 52 பாகை 26.5 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை). கப்பல் கிடந்ததோ அதற்குச் சுமார் நான்கு மைல் தெற்கே. செய்தி வந்த அன்று என்னோடு கப்பலில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்போ வோர்ஸ்லி நாலு மைல் தப்பு பண்ணிட்டாரா?"

எனக்கு மனசு கேட்கவில்லை. நான் மூன்றாம் அதிகாரியாக இருந்த காலத்தில் தினமும் நண்பகலில் பிரிட்ஜ் (கப்பலை இயக்கும் மேல்தளம்) ஓரத்தில் நின்று சைட் எடுத்திருக்கிறேன், அதாவது அட்சரேகையைக் கணக்கிட அடிவானத்திலிருந்து சூரியனின் உயரக் கோணத்தை அளந்திருக்கிறேன். கோணம் அளக்கும் கருவியான செக்ஸ்டன்டின் கண்ணாடியில் சூரியனைக் கீழே இறக்கி, கருவியை லேசாக இடமும் வலமும் ஆட்டி, சூரியனின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொட்டும் தொடாமலும் உரசும் நொடியைப் பிடிக்க வேண்டும். தளம் ஆடாத நல்ல கப்பலில், தெளிவான அடிவானத்தில் அந்தப் பாடு. வோர்ஸ்லி நின்றது கடலில் மிதந்து நகரும் பனிப்பாளத்தின் மேல். அவருடைய அடிவானம் மேடும் பள்ளமுமான பனி. ஒரு பனிமேடு அடிவானத்தை ஒரு கலை உயர்த்திக் காட்டினாலே, நண்பகல் சைட்டில் அட்சரேகை ஒரு கடல் மைல் நகர்ந்துவிடும்.

அப்புறம் கடிகாரம். கிரீன்விச் நேரத்தைக் காட்டும் கப்பல் கடிகாரமான க்ரோனோமீட்டர் நான்கு நொடி பிசகினால் தீர்க்கரேகையில் ஒரு கலை பிசகும். பல மாதமாக எந்தத் துறைமுகத்தையும் பார்க்காத கப்பலில் கிரீன்விச் நேரத்தை எப்படிச் சரிபார்ப்பது? 1915 குளிர்காலத்தில் வோர்ஸ்லியும் இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் நிலா விண்மீன்களை மறைக்கும் நொடியைக் குறித்துவைத்து, அதிலிருந்து கடிகாரத்தின் பிசகைக் கண்டுபிடித்தார்கள். நிலா வானத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய அரை விகலைதான் நகர்கிறது. அதனால் அல்மனாக்கில் (வான்பொருள்களின் இடங்களை முன்கூட்டியே தரும் புத்தகத்தில்) நிலாவின் இடம் ஒரு விகலை தவறாக இருந்தால், கடிகாரம் இரண்டு நொடி தவறாகத் தெரியும். தீர்க்கரேகை அரை கலை போய்விடும். அந்தக் கால அல்மனாக்கில் அப்படிப்பட்ட தவறு இருந்தது. வானியலாளர் பிரௌனின் மேம்பட்ட நிலா அட்டவணைகள் 1923-இல்தான் புழக்கத்துக்கு வந்தன. வோர்ஸ்லியின் கண் சரியாகப் பார்த்தது. கையில் இருந்த புத்தகம்தான் பிசகியது.

இது எப்படித் தெரிய வந்தது? கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி அருங்காட்சியகம் வோர்ஸ்லியின் லாக் புத்தகங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அவர் குறித்த நேரங்களை எடுத்து, இன்றைய துல்லியமான நிலாக் கணக்கை வைத்து ஆய்வாளர்கள் மறுபடி போட்டுப் பார்த்தார்கள், அதுவும் கப்பல் கிடைப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே. கடிகாரப் பிசகு கிழக்கு மேற்காகத்தான் இழுக்கும். தெற்கே நான்கு மைலுக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. கப்பல் மூழ்கிய நேரத்தில் சைட் இல்லை. முன்னும் பின்னும் எடுத்தவற்றுக்கு நடுவே பனி எவ்வளவு நகர்ந்தது என்று மதிப்பிட்டுத்தான் அந்த இடத்தை எழுத முடிந்தது. என் சந்தேகம் அந்த மதிப்பீட்டின் மேல்தான். வெறும் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் மிஞ்சியிருந்தால் இப்படிப் பிரித்துப் பார்க்கவே முடியாது.

நம் ஊரிலும் தீர்க்கரேகை இப்படிப் பிசகியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. அந்த ஆய்வகத்தின் தீர்க்கரேகையை வைத்து இந்திய வரைபடங்கள் வரையப்பட்டன. பிறகு தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது ஏறக்குறைய இரண்டரை கலை வித்தியாசம் தெரிந்தது. தரையில் அது நான்கு கிலோமீட்டருக்கும் மேல்.

ஒரு காப்பகத்துக்குப் பழைய வணிகக் கப்பலொன்றின் சைட் புத்தகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். தட்டச்சு செய்த இடப்பட்டியலைக் கொடுத்து, "மீதி எல்லாம் வெறும் கூட்டல் கழித்தல், சார், ஸ்கேன் பண்ணல" என்றார்கள். எனக்கு வேண்டியது அந்தக் கூட்டல் கழித்தல்தான். அளந்த கோணம், க்ரோனோமீட்டர் காட்டிய நேரம், செக்ஸ்டன்டின் இன்டெக்ஸ் எரர் (கருவியிலேயே உள்ள பிசகு), கண் இருந்த உயரம், யார் பார்த்தார், யார் எழுதினார் எல்லாம் அதில்தான் இருக்கும். அடித்துத் திருத்திய எண்ணையும் அப்படியே விடுங்கள்; தப்பாகத் தெரிந்தாலும் சரிசெய்யாதீர்கள். அடித்த எண்ணே சரியாக இருந்ததை என் சைட் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறேன்.

பென்சில் எழுத்து மங்கிக்கொண்டே போகிறது. கணக்குப் பக்கங்களை முதலில் படம் எடுத்து, யாரும் பார்க்கும்படி வையுங்கள். எழுத்து புரியவில்லை என்றால் கூப்பிடுங்கள். செக்ஸ்டன்ட் பிடித்தவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் தருகிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வணிகக் கப்பல் அதிகாரி ஒருவர்
தூத்துக்குடி