இருபத்தோர் ஆண்டுகள்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. என் மாமியாரின் கொள்ளுப்பாட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று நான் எழுதியதற்கு, குடும்பமே மூடி வைத்த ஒன்றைத் தோண்டி எடுப்பதால் யாருக்கு என்ன நன்மை என்று கேட்டிருந்தாய். அப்போது என்னிடம் பதில் இல்லை. தேடல் இப்போது ஏறக்குறைய முடிந்துவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரில், 1873ஆம் ஆண்டு, மூன்றாவது குழந்தையைப் பெற்ற சில நாட்களில் அவர் இறந்துபோனார் என்பதுதான் இவர்கள் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. அந்தக் குழந்தைதான் என் மாமியாரின் பாட்டி. தன்னைப் பெற்றதால்தான் தாய் மாண்டாள் என்ற எண்ணத்தை அவர் கடைசிவரை சுமந்தாராம். தன் பிறந்தநாளை யாரும் கொண்டாட விட்டதில்லையாம். ஆனால் இங்கிலாந்தில் 1837 முதலே பிறப்பும் இறப்பும் அரசுப் பதிவேட்டில் ஏறி வருகின்றன. 1873இலும் அதையொட்டிய ஆண்டுகளிலும் எவ்வளவு தேடியும் கொள்ளுப்பாட்டியின் இறப்புப் பதிவு கிடைக்கவில்லை.

வழி காட்டியவர் அவருடைய கணவர். 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர் தம்மை மனைவியை இழந்தவர் என்று சொல்லியிருக்கிறார்; தங்கை வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் நூற்பாலை வேலைக்குப் போக வேண்டிய, மூன்று சிறு பிள்ளைகளை உடைய அந்த மனிதர் மறுமணம் செய்துகொண்டது 1895இல்தான். அத்தனை காலம் ஏன் காத்திருந்தார் என்பது பல நாள் என் மனத்தைக் குடைந்தது. ஒரு நாள் இரவு, அக்காலத்து மணவிலக்குச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது விடை கிடைத்தது. வாழ்க்கைத் துணையின் தீராத மனநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஆங்கிலேயச் சட்டம் ஏற்றுக்கொண்டது 1937இல்தான். மனைவி உயிரோடு இருந்திருக்கிறார். அதனால்தான் கணவர் மறுமணம் செய்துகொள்ள முடியவில்லை.

பிறகு எல்லாம் விரைவாக நடந்தது. மனநோய்க் காப்பகங்களில் 1846 முதல் சேர்க்கப்பட்டவர்களின் பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இப்போது அவற்றைக் கணினியிலேயே பார்க்க முடிகிறது. பெயர், காப்பகம், சேர்ந்த நாள், பிறகு குணமடைந்தாரா, முன்னேற்றமின்றி வெளியேறினாரா, இறந்தாரா என்பது மட்டுமே அவற்றில் இருக்கும். அவர் பெயர் இருந்தது. குழந்தை பிறந்த ஆறாவது வாரம், வேக்ஃபீல்டிலிருந்த மேற்கு ரைடிங் மனநோய்க் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். ‘பரதேசி’ என்ற சொல்லுக்கு இணையான ஓர் ஆங்கிலச் சொல் பெயருக்கு எதிரே இருந்தது கண்டு என் மனைவி கலங்கிப்போனாள். ஆனால் கட்டணம் செலுத்த முடியாத உழைப்பாளிக் குடும்பத்தவர் எல்லாரையுமே அப்படித்தான் எழுதினார்கள். அவர்களுக்கான செலவை உள்ளூர் ஏழையர் நிதி ஏற்றுக்கொண்டது.

நோயாளர் குறிப்பேடுகள் வேக்ஃபீல்டு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன. நூறு ஆண்டுகள் கடந்தவற்றைத்தான் பொதுவாகப் பார்க்க விடுவார்கள் என்பதால் எங்களுக்குத் தடை இருக்கவில்லை. மாமியாரையும் அழைத்துக்கொண்டு போனேன். நோயின் பெயர் பிரசவத்தை ஒட்டி வரும் பித்து. சான்றளித்த மருத்துவர் தாம் நேரில் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் தனித்தனியே எழுத வேண்டும் என்பது அன்றைய சட்டம். குழந்தை தன்னுடையது அல்ல என்று சொல்கிறார், உணவை மறுக்கிறார் என்பது மருத்துவர் கண்டது. இரவெல்லாம் உறங்காமல் வாசலில் நிற்கிறார் என்பது கணவர் சொன்னது.

இந்நோய் கண்ட பெண்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் தேறி வீடு திரும்பியிருக்கிறார்கள். அவரும் தேறுவார் என்றே மருத்துவர்கள் நம்பியது முதற் பக்கங்களில் தெரிகிறது. உறக்கத்துக்குக் குளோரல் கொடுத்தது, எடை கூடியது, தையல் அறைக்குப் போகத் தொடங்கியது என்று முதல் வாரங்களில் அடிக்கடி குறிப்புகள் இருக்கின்றன. பிறகு மாதத்துக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. கடைசியில் ‘மாற்றமில்லை’ என்ற சொல் மட்டும் ஆண்டுதோறும் வேறு வேறு கையெழுத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவர் சேர்ந்தபோது அங்கே தலைமை மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் கிரிக்டன்-பிரவுன். மனித முகத்தின் உணர்ச்சிகளைப் பற்றிய நூலுக்காக டார்வினுக்கு நோயாளிகளின் ஒளிப்படங்களை அனுப்பி உதவியவர் அவரே. ஆகவே படம் இருக்கும் என்று மிகவும் எதிர்பார்த்தோம். கொள்ளுப்பாட்டியின் பக்கத்தில் இல்லை. எதிர்ப்பக்கத்தில் வேறொரு பெண்ணின் படம் ஒட்டப்பட்டிருந்தது. மாமியார் அந்த முகத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

1888 அக்டோபரில் மென்ஸ்டன் என்ற ஊரில் புதிய மனநோய்க் காப்பகம் திறக்கப்பட்டபோது கொள்ளுப்பாட்டியை அங்கே மாற்றினார்கள். 1894இல் காசநோயால் இறந்தார். ஹாலிஃபாக்ஸிலிருந்து அந்த ஊர் இருபது மைலுக்குள்தான் இருக்கிறது. மகளுக்கு அப்போது வயது இருபத்தொன்று. தாய் உயிரோடு இருந்ததை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கணவர்மீது எனக்கு முதலில் கடுங்கோபம் வந்தது. பிள்ளைகளிடம் அப்படியொரு பொய்யைச் சொல்ல எப்படி மனம் வந்தது என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். மாமியார் அதை ஒப்பவில்லை. கணக்கெடுக்க வந்தவரிடம் பொய் சொன்னவர், கோயிலில் பாதிரியார் முன்னே அந்தப் பொய்யைச் சொல்லவில்லையே என்றார். மனைவி இறந்த மறு ஆண்டில்தான் மணம் செய்துகொண்டார் என்பதை நானே அல்லவா கண்டுபிடித்தேன்? பிள்ளைகள் பைத்தியக்காரியின் பிள்ளைகள் என்று பெயரெடுத்தால் யாரும் பெண் கொடுக்கவும் எடுக்கவும் வரமாட்டார்கள் என்று அவர் அஞ்சியிருப்பார் என்பது மாமியாரின் எண்ணம். ஆனாலும் தன் பாட்டிக்கு நேர்ந்ததை அவரால் மன்னிக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார்.

மென்ஸ்டனில், 1890 முதல் 1969 வரை 2,861 நோயாளிகள் பெயர்க்கல் இல்லாமல் அடக்கம் செய்யப்பட்ட நிலத்தை இப்போது நினைவுத் தோட்டமாகப் பேணி வருகிறார்கள். வரும் மாதம் அங்கே போகிறோம். தன் பாட்டியின் பிறந்தநாளன்றுதான் போக வேண்டும் என்று மாமியார் நாள் குறித்திருக்கிறார். அன்றைக்கு ஒரு கேக்கும் செய்து எடுத்துவரப் போகிறாராம். நீ கேட்ட கேள்வியை அவரிடம் சொன்னேன். பதில் சொல்லாமல், எத்தனை மெழுகுவத்தி வைப்பது என்று என்னைக் கேட்டார்.

போய் வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்