சுக்கானும் கொதிகலனும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல்.

சாகசப் படங்களிலும் பழைய செவ்வியல் படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த காதல் இணை எது என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. நீ திரைக்கதை எழுதிப் பழகிக்கொண்டிருக்கும் காலம் இது. பெயரோடு காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் உனக்குப் பயன்படும் என்று தோன்றியது. இருவர் சேர்ந்து ஒரு கடினமான காரியத்தில் இறங்கி, அதற்குள் ஒருவர் திறமையை மற்றவர் கண்டு வியக்கும் இடத்தில்தான் அவர்களுடைய காதலை நான் முழுமையாக நம்புகிறேன். அழகும் பாட்டும் உருக்கமான வசனமும் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் நெடுநாள் மனத்தில் தங்கிய இணைகளை எண்ணிப் பார்த்தால், எல்லாரும் ஏதோ ஒரு வேலையைச் சேர்ந்து செய்தவர்களாகவே இருக்கிறார்கள்.

அவர்களில் முதலிடம் 'தி ஆப்பிரிக்கன் குயீன்' படத்தின் சார்லிக்கும் ரோஸுக்கும். 1951-இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய படம். ஹம்ஃப்ரி போகார்ட்டும் கேத்தரின் ஹெப்பர்னும் நடித்தது. கதை நடப்பது 1914-இல், முதல் உலகப் போர் தொடங்கிய நேரத்தில், ஜெர்மானியர் ஆண்ட கிழக்கு ஆப்பிரிக்காவில். ரோஸ் தன் அண்ணனோடு சேர்ந்து சமயப் பணி செய்பவள். திருமணம் ஆகாமலே நடுவயதை எட்டியவள். சார்லி ஒரு சிறிய நீராவிப் படகை ஓட்டிப் பிழைப்பவன். எப்போதும் அழுக்கும் எண்ணெயும் படிந்தவன். ஜின் புட்டியே துணையாகக் கொண்டவன். ஜெர்மானியப் படையினர் ஊரை எரித்த அதிர்ச்சியில் அண்ணன் இறந்துபோக, ரோஸ் அந்தப் படகில் ஏறுகிறாள். படகில் கடக்கவே முடியாது என்று கருதப்பட்ட ஆற்றின் வழியே ஏரிக்குச் சென்று, அங்கே காவல் காக்கும் 'லூயிசா' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பலை மூழ்கடிக்க வேண்டும் என்ற யோசனையும் அவளுடையதுதான். ஆக்சிஜன் உருளைகளில் வெடிமருந்தை அடைத்து டார்பிடோ, அதாவது கப்பலைத் தகர்க்கும் குண்டு, செய்யத் தெரிந்தவன் அவன். யோசனை ஒருவரிடம், கைத்திறன் மற்றவரிடம். இந்த ஒரு பங்கீட்டிலேயே ஒரு காதல் கதைக்கு வேண்டிய அனைத்தும் வந்துவிட்டது என்பேன்.

அந்தப் படத்தில் எவ்வளவு நேரம் வேலையைக் காட்டுகிறார்கள் என்பதை நீ கவனிக்க வேண்டும். அவள் சுக்கானைப் பிடிக்கிறாள். அவன் கொதிகலனுக்கு விறகு போடுகிறான். முதல் நீர்ச்சுழிப்பைக் கடந்ததும் இவள் அஞ்சித் திரும்பச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கிறான். அவளோ முகம் மலர்ந்து, வாழ்க்கையில் இப்படியொரு கிளர்ச்சியை அறிந்ததே இல்லை என்கிறாள். குடித்துவிட்டு அவளை அவன் இழிவாகப் பேசிய இரவுக்கு மறுநாள் காலை, புட்டி புட்டியாக ஜின்னை அவள் ஆற்றில் கொட்டுகிறாள். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் விவிலியத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். குடித்ததற்குத்தான் இந்தத் தண்டனை என்று அவன் நினைத்து மன்றாடுகிறான். அவளுடைய கோபமோ, ஆற்றில் இறங்குவதாகக் கொடுத்த வாக்கிலிருந்து அவன் பின்வாங்கியதால் வந்தது. ஒரு பெண் ஓர் ஆணிடம் எதை மதிக்கிறாள் என்பதைப் பாத்திரத்தின் செயலாலேயே இவ்வளவு துல்லியமாகச் சொன்ன காட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஜெர்மானியர் கோட்டையிலிருந்து சுட்ட குண்டுகளையும் அதற்கடுத்த நீர்ச்சுழிப்பையும் தாண்டி, பிழைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில்தான் முதன்முதலாக இருவரும் தழுவிக்கொள்கிறார்கள். மறுநாள் காலைதான் அவனுடைய முதற்பெயர் என்ன என்று அவள் கேட்கிறாள். அதுவரை அவன் அவளுக்குத் 'திரு. ஆல்நட்' மட்டுமே. இந்த இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை, ஏனெனில் உறவு எவ்வளவு தூரம் வந்துவிட்டது, பழக்கம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற இரண்டும் ஒரே கேள்வியில் வந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு நீருக்கடியில் சுழன்று படகைத் தள்ளும் விசிறி உடைந்து, அதன் தண்டு வளைகிறது. கரையில் தீ மூட்டி, தண்டை நிமிர்த்தி, விசிறியைப் பற்றவைத்து இருவரும் சேர்ந்தே அதைச் சரிசெய்கிறார்கள். நாணற்காட்டில் படகு சிக்கியபோது, நீரில் இறங்கி இழுத்த சார்லியின் உடல் முழுவதும் அட்டைகள். அட்டை என்றாலே நடுங்கும் அவன், வேறு வழியில்லை என்று தெரிந்ததும் மறுபடியும் அதே நீரில் இறங்குகிறான். அவன் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காதல் வசனம் ஒன்றுகூட அங்கே தேவைப்படவில்லை.

இறுதியில் எதிரியின் கப்பலில் பிடிபட்டுத் தூக்குத் தண்டனை உறுதியான பின்பும், தாங்கள் வந்த நோக்கத்தையும் டார்பிடோக்களைப் பற்றியும் அந்தத் தளபதியிடமே ரோஸ் தலை நிமிர்ந்து சொல்கிறாள். அதைக் கேட்கும் சார்லியின் முகத்தைப் பார். தூக்கிலிடும் முன் எங்களுக்குத் திருமணம் செய்து வையுங்கள் என்று அவன் கேட்கும்போது, அது அச்சத்தில் வந்த வேண்டுகோளாகத் தோன்றாமல், ஏற்கெனவே முடிந்துவிட்ட ஒன்றுக்குச் சாட்சி கேட்பதாகவே தோன்றுகிறது. போகார்ட்டுக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது இந்த ஒரு படத்துக்குத்தான். அப்போது அவர் ஐம்பதைக் கடந்தவர், ஹெப்பர்ன் நாற்பதைக் கடந்தவர். காதல் இளையவர்களுக்கே உரியது என்று எழுதப் பழகிவிட்ட திரைக்கதையாளர்கள் அனைவரும் பார்க்க வேண்டிய படம் இது.

உன் அப்பா இதை ஏற்க மாட்டார். அவருக்கு 'காசாபிளாங்கா'தான் எல்லாவற்றுக்கும் மேல். 1942-இல் மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய அந்தப் படத்தைக் குறைத்துப் பேச எனக்கும் உடன்பாடில்லை. சிறந்த படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது அது. படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதையை எழுதிக்கொண்டிருந்தார்கள். நாயகி இல்சா கடைசியில் பழைய காதலன் ரிக்கோடு போவாளா, கணவனோடு போவாளா என்பது அவளாக நடித்த இன்கிரிட் பெர்க்மனுக்கே நெடுநாள் தெரியாதிருந்தது. அந்தத் தயக்கம் அவர் கண்களில் உண்மையாகவே இருப்பதால் நாமும் கடைசி வரை தடுமாறுகிறோம். ஆனால் ரிக்கும் இல்சாவும் சேர்ந்து செய்த காரியம் என்று படத்தில் எதுவுமில்லை. பாரிஸில் அவர்களுக்கு இன்பமான நாட்கள் இருந்தன. காசாபிளாங்காவில் அவற்றின் வலி மட்டுமே இருக்கிறது. விமான நிலையத்தில் ரிக் எடுக்கும் முடிவு உயர்ந்ததுதான், எனினும் இருவருக்குமாக அவன் ஒருவனே எடுத்த முடிவு அது.

அந்தப் படத்தில் என்னை அசைத்த இணை இல்சாவும் அவள் கணவன் விக்டர் லாஸ்லோவும்தான். இதைச் சொன்னால் உன் அப்பா வாதாடத் தொடங்கிவிடுவார். ரிக்கின் விடுதியில் ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் பாட்டை உரக்கப் பாடிக்கொண்டிருக்க, லாஸ்லோ இசைக்குழுவிடம் சென்று பிரெஞ்சு தேசிய கீதத்தை இசைக்கச் சொல்லி முன்னின்று பாடுகிறான். விடுதியே எழுந்து நின்று உடன் பாடுகிறது. அப்போது கேமரா இல்சாவின் முகத்துக்குப் போகிறது. அச்சமும் பெருமையும் கலந்த அந்தப் பார்வையை மறுமுறை பார்க்கும்போது நன்றாகக் கவனி. தன் கணவன் எப்படிப்பட்டவன் என்பதை அவள் மறுபடியும் அறிந்துகொள்ளும் நொடி அது. ரிக்கின் மீது அவளுக்கு இருப்பது ஏக்கம். லாஸ்லோவின் மீது இருப்பதில் மதிப்பு கலந்திருக்கிறது. கதை கடைசியில் அவளை விமானத்தில் ஏற்றுவது நியாயம்தான் என்று நான் எண்ணுவதற்கு இந்த ஒரு பார்வையே காரணம்.

நம் படங்களில் இதே அளவுகோலுக்கு முழுமையாக நிற்பது 'தில்லானா மோகனாம்பாள்'. கொத்தமங்கலம் சுப்புவின் நாவலைக் கொண்டு ஏ. பி. நாகராஜன் 1968-இல் எடுத்த படம். சண்முகசுந்தரமும் மோகனாவும் முதலில் காதலர்களாக நடந்துகொள்வதில்லை, போட்டியாளர்களாகவே நடந்துகொள்கிறார்கள். அவனுடைய நாதஸ்வரத்துக்கு அவளுடைய சதங்கை பணிந்து போகுமா என்ற கேள்வியில்தான் கதையே எழுகிறது. அவன் கோபக்காரன், எதிலும் ஐயம் கொள்பவன். அவளுடைய ஆட்டத்தின் முன் மட்டும் அவனால் பொய் சொல்ல முடிவதில்லை. போட்டி மேடையில் அவனே அவளுக்குத் 'தில்லானா மோகனாம்பாள்' என்ற பட்டத்தைக் கொடுக்கிறான். ஒரு கலைஞன் இன்னொரு கலைஞருக்குத் தரக்கூடிய மிகப் பெரிய காதல் கடிதம் அதுதான் என்பேன். நஞ்சு தோய்ந்த கத்தியால் காயம்பட்டுத் தேறிவந்து அவன் வாசிக்கும் சபையில், அத்தனை பேர் நடுவே, 'நலந்தானா' என்று அவள் ஆடியே கேட்கிறாள். தனியே சந்திக்க இடமில்லாத இருவருக்குக் கலையே சந்திக்கும் இடமாகிறது. சிவாஜி கணேசன், பத்மினி இருவரின் கண்களும் அங்கே பேசுவதை நீ நன்கு அறிவாய். பின்னால் ஒலிக்கும் நாதஸ்வரம் சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது என்பதையும், அந்த வாசிப்பு இல்லாமல் இந்தக் காதலே இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வை.

கடற்கொள்ளைக் கதைகளுக்கு வந்தால், எரல் ஃபிளின்னும் ஒலிவியா டி ஹாவிலண்டும் 1935-இல் நடித்த 'கேப்டன் பிளட்' இருக்கிறது. அடிமைச் சந்தையில் மருத்துவன் பிளட்டை அரபெல்லா பத்துப் பவுனுக்கு வாங்குகிறாள். பின்னர் கடற்கொள்ளையனிடமிருந்து அரபெல்லாவை அவன் முத்துக்கள் கொடுத்து மீட்கிறான். கொடுத்ததும் பெற்றதும் இவ்வாறு நேர்நிறையாக அமைவது திரைக்கதைக்கு அழகு. அதே கருவைத் தழுவி பி. ஆர். பந்துலு 1965-இல் எடுத்த 'ஆயிரத்தில் ஒருவன்' எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் இணைந்து நடித்த முதல் படம். மணிமாறனும் பூங்கொடியும் அந்தக் கதையைத் தமிழ்க் காதுக்கு இனிக்கும்படி ஆக்கிவிட்டார்கள். ஃபிளின்னும் ஒலிவியாவும் எட்டுப் படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். அவற்றுள் எனக்கு நெருக்கமானது 1938-இல் வந்த 'ராபின் ஹூட்'. ஷெர்வுட் காட்டில் துன்புற்ற மக்களை நேரில் கண்ட பிறகுதான் மேரியனின் மனம் மாறுகிறது. ராபினுக்குத் தூக்கு என்றானதும், அவனை மீட்கும் திட்டத்தை அவனுடைய ஆட்களிடம் கொண்டு சேர்ப்பவளும் அவளே. பொதுவாக மாளிகைச் சாளரத்தில் காத்திருப்பதற்கே வைத்துக்கொள்ளும் ஒரு பாத்திரத்துக்கு, அந்தக் காலத்திலேயே இவ்வளவு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள்.

'ரோமன் ஹாலிடே' (1953) என் அளவுகோலைச் சற்றே திருத்திய படம். இளவரசி ஆனும் செய்தியாளன் ஜோவும் ஒரே ஒரு நாள் ரோம் நகரில் சுற்றுகிறார்கள். பெரிய காரியம் எதையும் சேர்ந்து செய்வதில்லை. ஆனால் அவளைப் பற்றிய செய்தியை விற்றால் கிடைக்கும் பெரும் பணத்தை ஜோ வேண்டாம் என்று விடுகிறான். செய்யாமல் விட்ட செயலும் காதலுக்குச் சான்றாகலாம் என்று அந்தப் படம் எனக்குக் காட்டியது. 'வாய்மையின் வாய்' எனப்படும் கல்முகத்தின் வாயில் கையை விட்டு, கை போய்விட்டதுபோல் ஜோவாக நடித்த கிரகரி பெக் காட்டும் குறும்பு, இளவரசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் செய்தது. அந்த அலறல் உண்மையானது. புதுமுகமாக இருந்த ஆட்ரியின் பெயரும் தன் பெயருக்கு இணையாக வர வேண்டும் என்று பெக்கே கேட்டுக்கொண்டார். திரைக்கு வெளியிலும் அவர்களிடம் அந்தப் பெருந்தன்மை இருந்தது.

பின்வந்த படங்களில் 'ரொமான்சிங் தி ஸ்டோன்' (1984) உனக்கு மிகவும் உதவும். காதல் நாவல்களை வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதும் ஜோன் வைல்டர், கொலம்பியக் காட்டில் தன் கதாநாயகிகளைவிடத் துணிந்தவளாக மாறுகிறாள். கடைசி மோதலில் அவளைக் காப்பாற்ற அவள் காதலன் ஜாக் வந்து சேர்வதற்குள் அவளே தன்னைக் காத்துக்கொண்டுவிடுகிறாள். அதை எழுதிய டயான் தாமஸ் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்துகொண்டே எழுதியவர். படம் வெளிவந்த மறு ஆண்டே விபத்தில் இறந்துபோனார் என்பது எனக்கு இன்றும் வருத்தம். 'தி மம்மி' (1999) படத்தின் ஈவ்லின் பழைய எகிப்திய எழுத்துகளைப் படிப்பாள், அவளுக்கு வழிகாட்டும் ரிக் ஓ'கானல் துப்பாக்கியைப் பிடிப்பான். ஒருவர் இல்லாமல் மற்றவர் அவர்கள் தேடிச் செல்லும் புதைநகரத்தில் பிழைத்திருக்க முடியாது. 'கான் வித் தி விண்ட்' பற்றிக் கேட்பாய். ஸ்கார்லெட்டும் ரெட்டும் தனித்தனியே மறக்க முடியாதவர்கள். இணையாக என்னால் அவர்களை விரும்ப முடியவில்லை, ஏனெனில் ஒருவரையொருவர் வெல்லப் பார்ப்பதிலேயே அவர்கள் காலம் போய்விடுகிறது.

நீ எழுதும் காதலர்களுக்கு முதலில் ஒரு வேலையைக் கொடு. அதில் பாதி ஒருவருக்கும் மறுபாதி மற்றவருக்கும் மட்டுமே தெரிந்ததாக இருக்கட்டும். இப்போதைக்கு ரோஸையும் சார்லியையும் பார்த்துவிட்டு, விவிலியம் படிக்கும் அந்த மௌனக் காட்சியில் நீ கண்டது என்ன என்று எனக்கு எழுது. லாஸ்லோவைப் பற்றிய உன் கருத்தை அப்பாவுக்குத் தனியாக எழுது. அவர் உன் வாக்கைத் தம் பக்கம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
உன் அம்மா