உடுப்பு மாற்று இம்முறை பாலம் கடக்கிறது: அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

பிள்ளைகளுக்கு அளவில்லாமற்போன உடுப்புகளைப் பெற்றோர் கொண்டுவந்து தமக்குள் மாற்றிக்கொள்ளும் 'உடுப்பு மாற்று' ஒன்றைச் சென்ற வருடம் நடத்தினோம். அது சரிவரவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அறிக்கையில் அது "சிறப்பாக நடைபெற்றது" என்று இருக்கிறது. அந்த வரியை எழுதியவன் நான். ஆகவே திருத்த வேண்டியவனும் நானே.

வந்த உடுப்புகளுக்குக் குறைவில்லை. மண்டபத்தில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டு விரித்தோம். மதியத்துக்குள் பெரும்பகுதி போய்விட்டது. சிக்கல் அடுத்து வந்த சிறுவர் தினத்தில்தான் தெரிந்தது. ஒக்டோபர் முதலாம் திகதி பிள்ளைகள் வர்ண உடுப்பில் வரலாம் அல்லவா? ஆமைப் படம் போட்ட பச்சைச் சட்டையோடு ஒரு மகன் துள்ளிக்கொண்டு வந்தான். "அது என்னுடைய பழைய சட்டை" என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். சொன்னவனிடம் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. தன் சட்டையைக் கண்ட மகிழ்ச்சி, அவ்வளவுதான். இடைவேளைக்குப் பிறகு பார்த்தால் மற்றவன் அதை உட்புறம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தான். ஏன் என்று கேட்டேன். "இப்படிப் போட்டால் வேர்க்காது, சேர்" என்றான். நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவன் எந்த வகுப்பு என்பதை நீங்களும் கேட்க வேண்டாம்.

எனவே இந்த வருடம் வர்ண உடுப்புகள் எதுவும் நம் பிள்ளைகளுக்குள் கைமாறாது. நாம் சேர்ப்பவை மண்முனைப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலைக்குப் போகும். அங்குள்ள பெற்றோர் சேர்ப்பவை இங்கே வரும். அந்த அதிபரோடு பேசி முடித்துவிட்டேன். இனி ஆமைச் சட்டையை அடையாளம் காணக்கூடிய பிள்ளை வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. 2014இல் பாலம் திறக்கும் வரை நாம் 'பாதை' என்ற மிதவை ஏறித்தான் அக்கரை போனோம். என் தாயார் இங்கிருந்து நெல்லும் தயிரும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மீனும் கருவாடும் வாங்கி வருவார். நெல் கொடுத்தவர் பெரியவர், மீன் கொடுத்தவர் சிறியவர் என்று ஒருவரும் கணக்கு வைத்ததில்லை. யாரிடம் எது மிஞ்சியதோ அதைக் கொடுத்தார்கள். உடுப்புக்கும் அந்த முறையே போதும்.

சீருடை மட்டும் இங்கேயே நிற்கும். வெள்ளைச் சட்டையையும் நீலக் காற்சட்டையையும் பார்த்து அது யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கழுத்துப்பட்டியில் எழுதிய பெயரை மட்டும் அகற்றிவிட்டுத் தாருங்கள். மையால் எழுதியிருந்தால் அதன்மேல் ஒரு துண்டுத் துணி வைத்துத் தையுங்கள். சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது, உண்மை. தையற்கூலியை யாரும் இலவசமாகத் தருவதில்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஜனவரி மாதம் என்ன நடக்கிறது என்பதை, தவணைக் கட்டணம் கேட்டு வீடுவீடாகப் போகும் நான் அறிவேன். குழாய்க்கிணற்று நீரில் தோய்த்து மஞ்சளேறிய வெள்ளைச் சட்டைகளையும் தயங்காமல் கொண்டுவாருங்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேரின் சட்டை அந்த நிறம்தான். என் சட்டையும் அப்படியே.

சில தாய்மார், "எங்கள் வீட்டுக்கு ஊரார் உடுப்பு எதற்கு?" என்று கேட்பது எனக்குத் தெரியும். ஒன்றை நினைத்துப் பாருங்கள். மட்டக்களப்பில் பெண் பிள்ளைக்குத்தான் வீடு. அக்காவும் தங்கையும் ஒரே வளவில், இல்லாவிட்டால் அடுத்த வளவில் இருந்தார்கள். பெரியம்மாவின் மகள் போட்ட சட்டை வேலிக்கு மேலால் வந்தது. அதை நீங்கள் போட்டீர்கள், பிறகு உங்கள் தங்கை போட்டாள். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல் நைந்து மெதுவான பழந்துணியில் கிடத்தியதும் நம் வீட்டுப் பெரியவர்கள்தான். அப்போது யாருக்கும் கௌரவம் குறையவில்லை. இப்போது அக்கா வேலை தேடி வெளிநாடு போய்விட்டாள், தங்கை நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறாள். வேலிக்கு மேலால் வருவதற்கு ஒன்றுமில்லை.

நாவூறு படும் என்று அஞ்சுபவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு அவித்து, ஒரு பகல் முழுவதும் வெயிலில் காயவிடுங்கள். நாவூறு போகிறதோ இல்லையோ, அழுக்கும் கிருமியும் போகும்.

இனி முறை. ஒவ்வொரு குடும்பத்துக்கும், பிள்ளை ஒன்றுக்கு ஐந்து என்ற கணக்கில் அட்டை தருவோம். ஓர் அட்டைக்கு ஒரு பொருள். நீங்கள் இருபது கொண்டுவந்தாலும் ஐந்து, வெறுங்கையோடு வந்தாலும் ஐந்து. யார் என்ன கொண்டுவந்தார் என்று கொப்பியில் எழுத மாட்டோம். இதைச் சங்கத்தில் இருவர் எதிர்த்தார்கள்: கொடுக்காமல் எடுப்பவர்கள் வருவார்களே என்றார்கள். வரட்டும். அலுமாரியில் கிடந்து இரட்டைவால் பூச்சிக்கு இரையாகும் உடுப்பை ஒரு பிள்ளை எடுத்துப்போவதில் எனக்கு நட்டம் எதுவும் தெரியவில்லை. ஆசிரியர்களும் இதே வரிசையில்தான் நிற்பார்கள். என் பேத்திக்கு ஒரு மழைக்கோட்டு நானும் பார்த்து வைத்திருக்கிறேன்.

அதிகம் போட்டுப் பழகாத பொருட்களே அதிகம் பயன்படும். விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய இல்லச் சட்டை வருடத்தில் ஒரு நாள் வெளியே வருகிறது. வாணி விழாவுக்குத் தைத்த நடன உடையின் கதையும் அதுதான். அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்துவிடுகிறாள், உடை வளர்வதில்லை. தீபாவளிக்கு வாங்கிய ஜரிகைக் கவுன், நத்தாருக்கு வாங்கிய கோட்டு, சலங்கை, புத்தகப்பை, தண்ணீர்ப் போத்தல், கொம்பாசுப் பெட்டி, குடை, எழுதி முடிக்காத கொப்பி, புலமைப்பரிசில் வினாத்தாள் நூல், மூன்று சில்லுச் சைக்கிள் எல்லாவற்றுக்கும் இடமுண்டு. சப்பாத்து கொண்டுவந்தால் குதியைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அது ஒரு காலுக்கு ஏற்ப வளைந்துவிட்ட சப்பாத்து. இன்னொரு காலுக்குக் கொடுக்க வேண்டாம்.

உள்ளாடை, பால்போத்தல் சூப்பி, ஒருமுறையேனும் விழுந்த தலைக்கவசம் ஆகியவற்றை ஏற்கமாட்டோம். விழுந்த தலைக்கவசத்தின் வெடிப்பு வெளியே தெரியாது. பொத்தான் வடிவ பற்றரி உள்ள விளையாட்டுப் பொருட்களைக் கொண்டுவருபவர்கள் அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அந்தப் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். குழந்தைக் கட்டில் என்றால் கம்பிகளுக்கு இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. தலைமூடியுள்ள சட்டையின் கழுத்துக் கயிற்றை உருவி விடுங்கள். குழந்தையை நிறுத்தி உருட்டும் 'வோக்கர்' வேண்டவே வேண்டாம். படியில் உருண்டு விழும் ஆபத்துக்காகக் கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. அங்கிருக்கும் உறவினர் வாங்க முடியாத ஒன்றை நாம் இங்கே கைமாற்றுவானேன்?

பிரித்து அடுக்கும் வேலைக்குத்தான் ஆட்கள் அதிகம் தேவை. 2004 மார்கழியில் சுனாமி அடித்த பிறகு முகாம்களில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். அன்பாக அனுப்பிய துணிதான், ஆனால் ஆண், பெண், பெரியவர், சிறியவர் எல்லாம் ஒரே குவியல். நம் ஊர் வெக்கைக்குக் கம்பளிக் கோட்டுகள். மழை இரண்டு நாள் பெய்ததும் அந்தக் குவியல் நாறத் தொடங்கியது. ஒரு தாய் அதற்குள் கையை விட்டு விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்குக் காற்சட்டை. அன்றிலிருந்து துணிக்குவியல் என்றாலே எனக்கு ஆகாது. ஆகவே வயதை நம்பாமல் அளவுநாடாவால் அளந்து, தோளிலிருந்து விளிம்பு வரை எத்தனை சென்ரிமீற்றர் என்று துண்டில் எழுதிக் குத்தி, கயிற்றில் தொங்கவிடுவோம். வாங்கில் குவிக்க மாட்டோம். பொத்தான் கழன்றது, தையல் பிரிந்தது என்றால் தையல் தெரிந்த தாய்மார் அங்கேயே இருந்து சரிசெய்வார்கள்.

எஞ்சுவதை வேறு எங்காவது "ஏழைகளுக்கு" அனுப்பும் எண்ணம் இல்லை. நமக்கு ஆகாதது அவர்களுக்கும் ஆகாது. கிழிசல்கள் வகுப்பறை துடைக்கும் துணியாகும். நல்ல சீருடைகளில் ஒவ்வொரு அளவிலும் சிலவற்றை ஒரு தகரப் பெட்டியில் பூட்டி மேல்மாடியில் வைப்போம். வெள்ளம் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளையின் பையைக் கொண்டுபோகிறது.

நாள் புரட்டாசியில் வைத்திருப்பதும் மழையை நினைத்துத்தான். கார்த்திகை பிறந்தால் தோய்த்த துணி ஒரு கிழமைக்குக் காயாது. பொருட்களை இந்த மாதம் 10ஆம் திகதி முதல் பாடசாலை முடிந்த பின் அலுவலக வாசலில் கொடுக்கலாம். பையில் பெயர் எழுத வேண்டாம். மாற்று நடைபெறும் சனிக்கிழமை காலை 8.30 மணிக்கு மண்டபம் திறக்கும். அதற்கு முந்திய புதன்கிழமை நம் மூட்டைகள் எழுவான்கரை போக வேண்டும். லேண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) வைத்திருக்கும் தந்தை ஒருவர் முன்வந்தால் டீசல் செலவைச் சங்கம் தரும். தறப்பாள் ஒன்றும் வேண்டும். பாலத்தின் நடுவில் மழை பிடித்தால் ஒதுங்க இடமில்லை.

இப்படிக்கு,
அதிபர்