செவித்திறன் பரிசோதனைக் கருவியையும் தினமும் சோதிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேட்கும் திறனை அளக்கும் ஆடியோமீட்டரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அளவுத்திருத்தச் சீட்டை, அதாவது கருவி சரியாக அளக்கிறது என்ற சான்றைக் காட்டி, கருவி சரியாக இருக்கிறது என்று சொல்லிவிடும் வழக்கம் செவித்திறன் பரிசோதனைக்கூடங்கள் பலவற்றில் இருக்கிறது. சான்று வழங்கிய நாளில் கருவி சரியாக இருந்தது என்பதற்கு மட்டுமே அந்தச் சீட்டு ஆதாரம். இன்று காலை அது எப்படி இருக்கிறது என்பதைக் காதில் மாட்டிக் கேட்டால்தான் அறிய முடியும்.

நான் முன்பு பணியாற்றிய இடத்தில் இளைஞர் ஒருவருக்கு இடது காதில் மட்டும் எல்லா அதிர்வெண்களிலும் 25 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பதாகப் பதிவானது. தனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹெட்போனை மாற்றிப் போட்டு, இடது காதுக்கான நீல அடையாளமுள்ள பக்கத்தை வலது காதிலும், வலது காதுக்கான சிவப்பு அடையாளமுள்ள பக்கத்தை இடது காதிலும் வைத்து மறுபடியும் சோதித்தேன். குறை வலது காதுக்குப் போய்விட்டது. உண்மையில் காதில் இருக்கும் குறை அப்படி இடம் மாறாது. ஹெட்போன் எப்போதோ கீழே விழுந்து அடிபட்டிருந்தது. கருவியில் இருந்த சீட்டுக்கோ மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்த வாரம் சோதித்த அனைவரையும் திரும்ப அழைத்தோம். இருவர் வரவே இல்லை. அவர்களுடைய ஆடியோகிராமில், அதாவது கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில், கருவியின் கோளாறு காதின் கோளாறாகவே இன்றும் பதிந்திருக்கும் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

ஐ.எஸ்.ஓ. 8253-1 என்னும் பன்னாட்டுத் தரநிலை இந்தப் பராமரிப்பை மூன்று கட்டங்களாக வகுத்திருக்கிறது. செயற்கைக் காது, ஒலி அளவி முதலியவற்றைக் கொண்டு அளப்பதும் முழுமையான அளவுத்திருத்தமும் பிந்தைய இரண்டு கட்டங்கள்; அவற்றை வல்லுநர்கள் பார்த்துக்கொள்வார்கள். முதல் கட்டம் பரிசோதகரின் காதையும் கையையும் மட்டுமே நம்பியது, அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். காதுறைகளைத் துடைத்து, வயரைப் பிளக் அருகே மெல்ல வளைத்துக் கரகரப்போ விட்டுவிட்டு ஒலிப்பதோ இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பிறகு, கேட்டும் கேட்காததுமான மெல்லிய அளவில் ஒவ்வொரு அதிர்வெண்ணையும் இரு காதுகளிலும், மண்டை எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் எலும்புவழி அதிர்வியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். பரிசோதகரின் சொந்தக் கேட்கும் அளவு தெரிந்ததே. அதிலிருந்து 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் விலகினால், காரணம் தெரியும்வரை அந்தக் கருவியில் யாரையும் சோதிக்கக் கூடாது. தலைப்பட்டையின் இறுக்கத்தையும் கவனிக்க வேண்டும். பட்டை தளர்ந்தால் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் இடைவெளி வழியே கசிந்து, நடுக்காதில் கோளாறு உள்ளவரைப் போன்ற ஒரு வரைபடத்தை, நல்ல காதுள்ளவருக்கும் தந்துவிடும்.

ஹெட்போன் பழுதானால் பக்கத்து அறையிலிருந்து ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்வது இன்னொரு தவறு. அளவுத்திருத்தம் கருவியையும் அதனுடன் வந்த ஹெட்போனையும் சேர்த்துச் செய்யப்படுவது; ஒன்றை மாற்றினால் சான்று செல்லாது.

ஆடியோகிராமை வைத்துத்தான் காதொலிக் கருவியின் ஒலிப்பெருக்கம் தீர்மானிக்கப்படுகிறது. இல்லாத குறை பதிவானால், நல்ல காதுக்குள் வேண்டாத சத்தம் செலுத்தப்படும். ஹெட்போன், கருவி காட்டும் அளவைவிட உரக்க ஒலித்தாலோ இருக்கும் குறையே மறைந்துபோகும். பேசப் பழகும் வயதுக் குழந்தைக்கு அப்படி நேர்ந்தால், இழந்த மாதங்களை யாரால் திருப்பித் தர முடியும்?

எனவே பரிசோதனைக்கூடங்களின் பொறுப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்: முதல் நபரை அழைக்கும் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் செய்த சோதனையைத் தேதியுடனும் கையொப்பத்துடனும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, கேட்பவர் எவருக்கும் அதைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதகர் ஒருவர்