முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையுமாவது காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மத்திய பட்ஜெட்டில் ஞான பாரதம் திட்டத்தை அறிவித்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளைக் காக்கப்போகிறோம் என்றார்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்கேன் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் பூட்டிவைப்பதால் மட்டும் ஒரு சுவடி வாசகர் கைக்கு வந்துவிடாது, அதுவும் அரபுத்தமிழ்ச் சுவடி என்றால் சுத்தமாக வராது.

காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று பல இடங்களில் முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்திலேயே எழுதினார்கள், அதுதான் அரபுத்தமிழ். ப, ட, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் கூடுதல் அடையாளங்கள் போட்டுக்கொண்டார்கள். அரபு மட்டும் அறிந்தவர் எழுத்தைக் கூட்டிவிடுவார், பொருள் பிடிபடாது. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு வாசிக்கவே வராது. அப்புறம் பட்டியலில் 'அரபு, சமயம்' என்று போட்டு முடித்துவிட்டால், உள்ளே இருப்பது பெரியோரைப் போற்றும் 'மாலை' என்ற பாட்டா, வைத்தியக் குறிப்பா, சட்ட நூலா என்று ஆய்வு மாணவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இத்தனைக்கும் பல சுவடிகளின் கடைசிப் பக்கத்தில், வரிகள் குறுகிக்கொண்டே வந்து முடியும் இடத்தில், எழுதியவர் பெயரும் ஹிஜ்ரி ஆண்டும் இருக்கும். பக்க எண் இல்லாவிட்டாலும் வலப்பக்கத்தின் அடியில் அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை எழுதிவைத்திருப்பார்கள். வலமிருந்து இடமாகப் போகும் இந்த நூலை, இது தெரியாதவர் நம் வழக்கப்படி இடமிருந்து வலமாகப் படம் எடுத்தால் பக்க வரிசை தலைகீழாகிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2009இல் தொடங்கிய பணியில் தன்னிடமுள்ள இஸ்லாமியச் சுவடிகளின் படங்களை, விவரம் முழுமையாகும்வரை காத்திராமல் இணையத்தில் போட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று உலகத்தையே கேட்டது. நாமும் அதைச் செய்யலாமே! 1869 முதல் இயங்கிவரும் நம் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீக, உருதுச் சுவடிகள் உள்ளன. இதற்கு முன்கை எடுக்க அதைவிடப் பொருத்தமான இடம் எது? ஒவ்வொரு சுவடியின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் யாரும் பார்க்கும்படி வெளியிடட்டும், மற்றது மெல்ல வரட்டும்.

வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். மதரஸா ஆலிம்கள் இருக்கிறார்கள், சிறுவயதில் அரபுத்தமிழ் ஓதப் பழகிய வயதான பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பயணப்படியும் சம்பளமும் கொடுத்து வேலை வாங்க வேண்டும். இதை இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போட்டால் அவர்களில் எத்தனை பேர் இருப்பார்கள்?

— வாசகர், மேலப்பாளையம்