டினிப்ரோ எங்கே போனது? நண்பருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

நலம். நலமறிய ஆவல். நீ கேட்டிருந்த கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. 2015-இல் யூரோப்பா லீக் (ஐரோப்பிய கிளப்புகளின் இரண்டாம் நிலைப் போட்டி) இறுதி ஆட்டம் வரை வந்த உக்ரைன் நாட்டுக் கால்பந்து அணி டினிப்ரோவை இப்போது எந்தப் பட்டியலிலும் காணோமே, போரில் அழிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறாய். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் 2022-இல் ரஷ்யப் படை உள்ளே நுழைவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அந்த கிளப்பின் கதை முடிந்துவிட்டது. அதைச் சாகடித்தது சம்பள பாக்கி.

இது புரிய வேண்டுமானால் ஊரிலிருந்து, அதாவது அன்று டினிப்ரோபெட்ரோவ்ஸ்க் என்றும் இன்று டினிப்ரோ என்றும் பெயர் கொண்ட நகரிலிருந்து, தொடங்க வேண்டும். கிரிவி ரிஹ் பகுதியின் இரும்புத் தாதும் டொன்பாஸின் நிலக்கரியும் ரயிலில் வந்து சேர வசதியான இடம், டினிப்ரோ ஆற்றங்கரை. 1887-இல் பிரியான்ஸ்க் நிறுவனம் அங்கே உருக்காலையைத் திறந்தது. கிளப் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொண்டது 1918-ஐ. அந்த ஆலைத் தொழிலாளர்களின் அணியாகத்தான் அது தொடங்கியது. பெயர் பலமுறை மாறியது. ஐம்பதுகளில் மெட்டலூர்ஹ். அறுபதுகளின் தொடக்கத்தில் அணி யூஷ்மாஷ் ஆலையின் கைக்குப் போனதும் டினிப்ரோ ஆனது.

யூஷ்மாஷ் என்றால் சோவியத் நாட்டின் மிகப் பெரிய ஏவுகணைத் தொழிற்சாலைகளில் ஒன்று. வெளியே டிராக்டர் தொழிற்சாலை என்று பெயர், டிராக்டரும் செய்தார்கள்தான். 1961 முதல் 1986 வரை அதன் இயக்குநர் ஒலெக்ஸாண்டர் மகாரோவ், கால்பந்தை உயிராக நினைத்தவர். சோவியத் சட்டப்படி தொழில்முறை ஆட்டக்காரர் என்று யாரும் கிடையாது. ஆகவே வீரர்கள் ஆலைகளின் சம்பளப் பட்டியலில் இருப்பார்கள். குடியிருக்க வீடும் ஆலை தரும். மெட்டியோர் ஸ்டேடியமும் யூஷ்மாஷுடையதுதான். கிளப்புக்கென்று தனியாக வரவு செலவு பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் வந்த வினையெல்லாம் இந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகிறது.

அந்தப் பணத்தை வீணடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பின்னாளில் டைனமோ கீவ் அணியோடு ஐரோப்பாவையே மிரட்டிய வலேரி லோபனோவ்ஸ்கி பயிற்சியாளராகத் தொழில் கற்றது டினிப்ரோவில்தான். முப்பது வயதில், 1969-இல் பொறுப்பேற்றார். 1971-இல் அணியை முதல் பிரிவுக்கு ஏற்றினார், அடுத்த ஆண்டே ஆறாம் இடம். அவர் கீவுக்குப் போன பிறகு அணி சரிந்து 1978-இல் கீழே இறங்கியது. மீண்டு வந்தபின் வொலோடிமிர் யெமெத்ஸ், ஹென்னாடி ஜிஸ்திக் இருவரும் சேர்ந்து கட்டிய அணி 1983-இல் சோவியத் சாம்பியன். கடைசி ஆட்டத்தில் ஸ்பார்டக் மாஸ்கோவை மெட்டியோரில் 4-2 என்று வென்றார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல். ஏவுகணை செய்யும் ஊர் என்பதால் வெளிநாட்டார் யாரும் டினிப்ரோபெட்ரோவ்ஸ்குக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. சாம்பியன் ஆனதால் ஐரோப்பியக் கோப்பையில் ஆடியாக வேண்டும், எதிரணியோ ஊருக்குள் வர முடியாது. ஆகவே 1984-85-இல் 'சொந்த மைதான' ஆட்டங்களெல்லாம் கிரிவி ரிஹ் நகரின் மெட்டலூர்ஹ் ஸ்டேடியத்தில் நடந்தன. துருக்கியின் டிராப்ஸோன்ஸ்போர், பல்கேரியாவின் லெவ்ஸ்கி இரண்டையும் தாண்டி, காலிறுதியில் ஷிரேஸும் திகானாவும் ஆடிய பிரான்சின் போர்தோ (Bordeaux) அணியைச் சந்தித்தார்கள். அங்கே 1-1, இங்கே 1-1, பெனால்டியில் 3-5. சொந்த ரசிகர்கள் நிறைந்த மெட்டியோரில் ஆடியிருந்தால் அரையிறுதிக்குப் போயிருப்பார்கள் என்று இன்றும் நம்புகிறேன். ஊர் வெளிநாட்டாருக்குத் திறந்தது 1987-இல்தான்.

அந்த அணியின் ஒலே புரோட்டாசோவ் 1985-இல் ஒரே லீக் பருவத்தில் 35 கோல் போட்டார். சோவியத் லீக் வரலாற்றில் அதை யாரும் தாண்டவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் 1988-தான் பெரிய சாதனை. அந்த ஆண்டு தொடங்கும்போது புரோட்டாசோவும் லித்தோவ்சென்கோவும் டைனமோ கீவுக்குப் போய்விட்டார்கள். முன்வரிசையே காலியான நிலையில் பயிற்சியாளர் யெவ்ஹென் குச்செரெவ்ஸ்கி பட்டத்தை வென்று காட்டினார். மறு ஆண்டு சோவியத் கோப்பையும் வந்தது. அதே காலத்தில்தான் நாட்டில் முதல் ஆளாகத் தொழில்முறை கிளப்பாகவும் பதிவு செய்துகொண்டார்கள்.

சோவியத் கலைந்ததும் ஏவுகணை ஆர்டர் நின்றது, ஆலையே தள்ளாடியது. தொண்ணூறுகளின் நடுவில் ப்ரிவாத் என்ற வங்கி, தொழில் குழுமமும் அதன் முதலாளிகளில் ஒருவரான ஈஹோர் கொலொமோய்ஸ்கியும் கிளப்பை எடுத்துக்கொண்டார்கள். கொடுக்கும் கை மாறியதே தவிர ஏற்பாடு மாறவில்லை. 2008-இல் 31,003 இருக்கைகளோடு டினிப்ரோ அரீனா திறந்தது. நல்ல மைதானம்தான். ஆனால் டிக்கெட் வருமானத்தையும் தொலைக்காட்சிப் பணத்தையும் வைத்து அப்படிப்பட்ட அணிக்கு உக்ரைனில் சம்பளம் போட முடியாது. உரிமையாளர் மனது வைத்தால் சம்பளம், இல்லையென்றால் இல்லை.

2014-15 பருவத்தைக் கவனி. கிழக்கே போர் மூண்டதால் ஐரோப்பிய ஆட்டங்களை ஊரில் நடத்த ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபா அனுமதிக்கவில்லை. மறுபடியும் வேற்றூர் மைதானம், இந்தமுறை கீவ். ஒலிம்பியாகோஸ், அயாக்ஸ், ப்ரூகே, நாப்போலி என வரிசையாக வீழ்த்தினார்கள். பயிற்சியாளர் மிரோன் மார்க்கெவிச்சின் திட்டம் எளிது: பின்னால் நெருக்கமாக நின்று இடம் கொடுக்காமல் தடுப்பது, பந்து கிடைத்ததும் இடது ஓரத்தில் கொனோப்லியாங்காவிடம் சேர்ப்பது. மே 27, வார்சாவில் ஸ்பெயினின் செவிய்யாவோடு இறுதி ஆட்டம். ஏழாவது நிமிடத்தில் கலினிச் தலையால் கோல். செவிய்யா இரண்டு போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் ரோத்தான் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தார். 73-ஆம் நிமிடத்தில் செவிய்யாவின் பாக்கா முடித்துவைத்தார், 3-2. கடைசி நிமிடங்களில் டினிப்ரோவின் மத்தேயுஸ் மைதானத்திலேயே மயங்கி விழுந்தார். மாற்று வீரர்கள் மூவரும் ஏற்கெனவே இறங்கிவிட்டதால் பத்துப் பேரோடு ஆடி முடித்தார்கள்.

இறுதிக்கு இரண்டு மாதம் முன்புதான் கொலொமோய்ஸ்கி மாகாண ஆளுநர் பதவியை இழந்திருந்தார். பணம் வருவது சுருங்கிக்கொண்டே போனது. வீரர்களை விற்றாவது சமாளித்திருக்கலாம். 2014 ஜனவரியில் கொனோப்லியாங்காவுக்கு லிவர்பூல் விலை பேசி வந்தது. கிளப் தலைமை கையெழுத்துப் போடவில்லை. அடுத்த ஆண்டு கோடையில் ஒப்பந்தம் முடிந்து அவர் ஒரு காசு வாங்காமல் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? அதே செவிய்யா.

பாக்கி எப்படி ஒரு கிளப்பை விழுங்குகிறது என்று சொல்கிறேன். யூஃபா விதிப்படி, குறித்த தேதியில் பிற கிளப்புக்கோ ஊழியருக்கோ வரித்துறைக்கோ கெடு கடந்த பாக்கி இருக்கக் கூடாது. டினிப்ரோவுக்கு இருந்தது. 2016 மார்ச்சில் ஐரோப்பியப் போட்டித் தடை விழுந்தது. அந்தப் பருவத்தில் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தும் ஐரோப்பா கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. இன்னொரு பக்கம் ஃபிஃபா. ஊழியர் புகார் கொடுத்தால் தீர்ப்பு வரும், கூடவே பணம் கட்டக் கெடு. கெடு தாண்டினால் புள்ளி வெட்டு, அதற்கும் அசையாவிட்டால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கம். ஒவ்வொரு புகாரும் தனி வழக்கு. முந்தைய பயிற்சியாளர் ஹுவாண்டே ராமோஸின் உதவியாளர்களுக்கான பாக்கியால் மட்டும் ஆறு புள்ளி போனது. புதிய வீரரைப் பதியவும் தடை. மாதக்கணக்கில் சம்பளம் வராத வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பலாம். அப்படிப் போகிறவருக்காக வேறு கிளப்பிடமிருந்து விலை எதுவும் வராது, பழைய கடனை அடைக்க வழியும் இருக்காது. 2016-17-இல் புதிய பயிற்சியாளர் மிகாய்லென்கோ பெரும்பாலும் இளைஞர் அணிப் பையன்களை வைத்தே ஆடினார். 2016 டிசம்பரில் ப்ரிவாத் வங்கியும் அரசுடைமை ஆனது. 2017-இல் நேராக மூன்றாம் பிரிவு, 2018-இல் அமெச்சூர் நிலை, 2019-இல் கதை முடிந்தது.

டினிப்ரோ-1 என்ற பெயரில் ஆடியது சட்டப்படி வேறு கிளப். மிகாய்லென்கோவும் பல இளைஞர்களும் அங்கே போனார்கள். 1983, 1988 பட்டங்கள் மட்டும் அந்த கிளப்பின் கணக்கில் சேரவில்லை. 2022-23-இல் அதுவும் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. 2024 கோடையில் பணமில்லாமல் லீக்கிலிருந்து விலகிவிட்டது. நூறு ஆண்டு கால்பந்து ஆடிய ஊரில், இரண்டு அணிகள் ஒரே நோயில் போனது எனக்கு ஆறவே இல்லை.

உன் பேரன் கோல் கீப்பராகச் சேர்ந்திருக்கிறான் என்று எழுதியிருந்தாயே, நாப்போலியோடு நடந்த இரண்டு அரையிறுதிகளையும் அவனுக்குப் போட்டுக் காட்டு. நாப்போலியின் ஹிகுவாய்ன் தனியாக வரும்போது டினிப்ரோ கீப்பர் டெனிஸ் பாய்கோ எப்போது காலை எடுத்து வைக்கிறார், எப்போது நின்றுகொண்டே இருக்கிறார் என்று பார்க்கச் சொல். அடுத்த கடிதத்தில் ஸோரியா லுஹான்ஸ்க் என்ற இன்னொரு உக்ரைன் அணி பற்றி எழுதட்டுமா?

அன்புடன்,
ராமு